ரயில் சத்தத்தில் போன வசனம்

எங்கள் ஊர்க் கொட்டகைக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒரு வாய்க்காலும் அதன் கரையில் நின்ற நான்கைந்து பனைமரங்களும்தான் இருந்தன. மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் வழியாகத் திருவாரூருக்குப் போகும் அன்றைய மீட்டர் கேஜ் பாதை அது. அந்தக் காலத்தில் அதில் ஓடிய வண்டிகள் குறைவு. ஆனாலும் முதல் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், ஒன்பது மணிவாக்கில், கேட்டை நெருங்கும்போதே நீளமாக ஊதிக்கொண்டு வருகிற வண்டி ஒன்று இருந்தது. கீற்றுக் கூரையும் மூங்கில் தட்டியும் நீராவி எஞ்சினின் சத்தத்தை எப்படித் தடுக்கும்? ஆப்பரேட்டர் ஒலியைக் கூட்டிப் பார்ப்பார், பயன் இருக்காது. எந்தப் படமானாலும் உச்சக்கட்டத்தில் இரண்டு மூன்று நிமிஷ வசனம் ரயிலோடு போய்விடும் என்பதை, தரை டிக்கெட்டுக்கு 40 காசு கொடுப்பதைப் போலவே, ஊரார் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

‘புதிய பறவை’யை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். படம் 1964 செப்டம்பரில் வெளிவந்தது. எங்கள் கொட்டகைக்கு அது எத்தனையாவது தடவையாகவோ திரும்பி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். சம்பா அறுவடை முடிந்து களத்து வேலைகள் ஓய்ந்திருந்த மாசி மாதம். நெல் விற்ற காசு வீடுகளில் கொஞ்சம் தங்கியிருக்கும் காலமும், மழை பயமில்லாமல் கொட்டகை நடத்தக்கூடிய காலமும் ஒன்றாக அமைவதால், நல்ல படங்களை முதலாளிகள் அப்போதுதான் எடுத்து வருவார்கள். ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ என்று சீர்காழியின் குரல் ஒலிபெருக்கியில் எழும்பியதும் அத்தை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண்கள் பக்கத்தில் மணலைக் குவித்து எனக்கு ஒரு மேடு செய்து கொடுத்து, அதன் மேல் தன் பழைய துண்டு ஒன்றையும் விரித்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அந்த மேட்டைப் பற்றி இடைவேளை வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைப் பார்க்காதவர்கள் இனியும் இருப்பார்கள் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது என்பதை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும் செல்வந்தன் கோபால், லதா என்ற பெண்ணையும் அவளுடைய அப்பாவையும் சந்திக்கிறான். அவர்கள் ஊட்டியில் அவனுடைய பங்களாவிலேயே வந்து தங்குகிறார்கள், காதல் வளர்கிறது. ஆனால் ரயில்வே கேட்டைக் கண்டால், ரயில் சத்தம் கேட்டால், அவன் வேறு ஆளாகிவிடுகிறான். காரணம் கேட்கும் லதாவிடம், சிங்கப்பூரில் சித்ரா என்ற பாடகியை மணந்ததையும், குடியும் கேளிக்கையுமாக இருந்த அவளால் குடும்பம் நிலைகுலைந்ததையும், அவள் ரயிலில் விழுந்து தற்கொலை செய்துகொண்டதையும் சொல்கிறான். லதா அவனை ஏற்றுக்கொள்கிறாள். நிச்சயதார்த்த விருந்து நடக்கும் வேளையில், இறந்துபோனதாகச் சொல்லப்பட்ட சித்ரா தன் மாமாவுடன் வாசலில் வந்து நிற்கிறாள்.

அதற்குப் பிறகு வருகிற ஒரு மணி நேரம், தமிழ்ப் படங்களில் நான் பார்த்த மிகக் குரூரமான ஒரு மணி நேரம். வந்தவள் தன் மனைவி இல்லை என்று கோபால் கதறுகிறான். அவன் காட்டும் ஒவ்வொரு சான்றும் அவனுக்கு எதிராகவே திரும்புகிறது. கடைசியில், அவள் சித்ராவாக இருக்கவே முடியாது, ஏனென்றால் சித்ராவைக் கொன்றது தானே என்று சொன்னாலொழியத் தப்பிக்க முடியாத மூலைக்கு அவன் தள்ளப்படுகிறான். அதைச் சொல்கிறான். சொன்னதும் வலை இறுகுகிறது: வந்தவள் போலி, மாமா போலி, லதாவும் அவளுடைய அப்பாவும் காவல்துறையைச் சேர்ந்தவர்கள்.

எங்கள் ஊரில் ரயில் வந்தது அவன் அதைச் சொல்லும் இடத்தில்தான். வாக்குமூலத்தின் பெரும்பகுதி எனக்குக் கேட்கவில்லை. கண்ணால் பார்த்தது மட்டும்தான் மிச்சம்: ஒரு முகம், ஓங்கிய ஒரு கை, கீழே விழுந்த ஒரு பெண், தண்டவாளம். வெளியே போன ரயிலின் சத்தம் எது, திரைக்குள் இருந்த ரயிலின் சத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்துவிட்டன. வண்டி நன்னிலம் பக்கம் போய்ச் சத்தம் அடங்கியபோது கோபாலின் கைக்கு விலங்கு வரும் நேரம் ஆகிவிட்டது. பெண்கள் பக்கத்தில் பலர் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. ஒரு பெண்ணை அடித்துக் கொன்று தண்டவாளத்தில் போட்டவன் பிடிபட்டான், படம் முடிந்தது என்றுதான் எனக்குப் புரிந்தது. வீட்டுக்கு நடந்துவருகையில், ஏன் எல்லோரும் அழுதார்கள் என்று அத்தையிடம் கேட்டேன். அவள் சிறிது தூரம் பேசாமல் நடந்துவிட்டு, “சிவாஜி அழுதா அழத்தானே தம்பி தோணும்” என்றாள்.

பல வருஷம் கழித்து, வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த பிறகுதான் அந்த இரண்டு நிமிஷம் எனக்கு முழுதாகக் கேட்டது. வீட்டை விட்டுப் புறப்பட்ட மனைவியைக் கோபால் தடுக்கிறான், ஆத்திரத்தில் அறைந்துவிடுகிறான், அவளுக்கு ஏற்கெனவே பலவீனமான இதயம், அந்த ஒரு அறையிலேயே உயிர் போய்விடுகிறது, குடும்ப மானத்துக்குப் பயந்து, தற்கொலையாகத் தெரியட்டும் என்று உடலைத் தண்டவாளத்தில் கிடத்துகிறான். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாத ஒரு கை, கெட்ட வேளை, நல்ல குடும்பத்துப் பிள்ளை. ரயில் சத்தத்தில் எனக்குப் போனது இந்தச் சமாதானம்தான். படத்தைக் காதால் கேட்டவர்களுக்குக் கோபால் பரிதாபத்துக்குரியவன். கண்ணால் மட்டும் பார்த்த எனக்குக் கொலைகாரன். இத்தனை தடவை பார்த்த பிறகும் ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த படத்தை என்னால் முழுதாக விட முடியவில்லை.

அந்த வசனத்தை எழுதியவர் எங்கள் பக்கத்து மனிதர் என்பதில் எனக்கு ஒரு விசித்திரமான திருப்தி உண்டு. ஆரூர்தாஸின் பெயரில் இருக்கும் ஆரூர், எங்கள் ரயில் போய்ச் சேரும் அதே திருவாரூர். 1961-இல் ‘பாசமல’ருக்கு வசனம் எழுதி ஊரையே அழவைத்தவர், 2022-இல் காலமானார். கே. பாலசந்தர் பிறந்த நன்னிலமும் அதே பாதையில்தான் இருக்கிறது என்பதால், இந்த மீட்டர் கேஜ் பாதை தமிழ் சினிமாவுக்கு அனுப்பிய வசனத்தின் அளவு அது ஏற்றிச்சென்ற நெல் மூட்டைகளுக்குக் குறைவில்லை என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வோம். கதாநாயகனும் வேற்று மனிதர் இல்லை. தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சூரக்கோட்டைக் குடும்பத்துப் பிள்ளை, சிவாஜி பிலிம்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கி எடுத்த படம் இது. சொந்தப் பணத்தில் எடுக்கும் படத்தில், கடைசியில் விலங்கு மாட்டிக்கொண்டு போகும் கொலைகாரனாகத் தானே நடிக்க ஒரு உச்ச நட்சத்திரம் துணிந்தார் என்பதை இன்றைக்கு யோசித்தாலும் வியப்பாக இருக்கிறது.

கதை இங்கே பிறந்ததில்லை. 1958-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில், இறந்துபோன அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஓர் அந்நியன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைகிறான். அதன் சாயலில் 1963-இல் வங்காளத்தில் ஹரிதாஸ் பட்டாச்சார்யா இயக்கி உத்தம் குமார் நடித்த ‘சேஷ் அங்கா’ வந்தது; இறந்த அண்ணனின் இடத்துக்கு இறந்த மனைவி வந்தாள். அடுத்த ஆண்டே அது தாதா மிராசியின் இயக்கத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. அண்ணன் மனைவியாக மாறிய அந்த ஒரு மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இறந்த அண்ணன் திரும்பி வந்தால் அது மர்மம். இறந்த மனைவி திரும்பி வந்தால், அது அந்த வீட்டின் இரவுகளையெல்லாம் கேள்வி கேட்கிற காரியம். நாங்கள் ‘மர்மப் படம்’ என்று அழைத்த வகைக்குள் காதல் கதை இத்தனை இயல்பாகப் புகுந்துகொண்டதற்குக் காரணம் அதுதான்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. விசுவநாதன்–ராமமூர்த்தி இணை 1965-இல் பிரிவதற்கு முந்தைய ஆண்டில் வந்த படம்; எழுதியவர் கண்ணதாசன். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் நாம் கவனிக்காமல் விடுகிற ஒன்று அந்தப் பாடல்களில் இருக்கிறது. ‘உன்னை ஒன்று கேட்பேன், உண்மை சொல்ல வேண்டும்’ என்று சுசீலாவின் குரலில் லதா பாடுகிறாள். கோபால் பியானோ வாசிக்கிறான். முதல் தடவை பார்ப்பவனுக்கு அது காதலியின் கொஞ்சல். லதா யார் என்று தெரிந்துகொண்டு இரண்டாம் தடவை பார்ப்பவனுக்கு, வேலைக்கு வந்திருக்கும் ஒரு காவல்துறைப் பெண் தன் விசாரணையின் முதல் வரியை எல்லோர் முன்னாலும் பாடுவது தெரியும். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ சிங்கப்பூர் விடுதியில் சித்ரா பாடுவது. அதே பாட்டைப் பிறகு அந்தப் போலிப் பெண் சோகமாகப் பாடும்போது, சாட்சிக் கூண்டில் நிற்பவனிடம் வக்கீல் கேட்கும் கேள்வியாகவே அது மாறிவிடுகிறது. அப்புறம் டி.எம்.எஸ். குரலில் ‘எங்கே நிம்மதி’. முதல் இரண்டு கேள்விகளையும் பெண்கள் அவனிடம் கேட்கிறார்கள்; மூன்றாவதை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்கிறான், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமலே. ஒரு விசாரணையை இப்படிப் பாட்டுகளுக்குள் ஒளித்துவைத்த வேறு படம் எனக்குத் தெரியவில்லை. ‘ஆஹா மெல்ல நட’ இந்த வரிசையில் சேராது. அது வெறும் அழகு, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிவாஜி மிகையாக நடிப்பார் என்று சொல்பவர்கள் இந்தப் படத்தையும் உதாரணம் காட்டுவதுண்டு. அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்தபட்சம் இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. கோபால் முதல் காட்சியிலிருந்தே நடித்துக்கொண்டிருக்கிற ஆள். கோட்டும் சூட்டும், சிகரெட்டைப் பிடிக்கும் விரல்கள், தேவைக்கு ஒரு படி அதிகமான சிரிப்பு எல்லாம் ஒன்றை மறைப்பவனின் மிகைகள். அவை விலகுகிற இடங்களைப் பார்க்க வேண்டும். ரயில்வே கேட்டில் கார் நிற்கும் காட்சியில், பேசிக்கொண்டிருந்த மனிதனிடம் இருந்த அலங்காரமெல்லாம் ஒரு நொடியில் உதிர்ந்துவிடும். கேட் கீப்பர் வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். வண்டி வரும்போது கேட்டில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது சாதாரணப் பார்வை. அதற்குள்ளிருந்தே அவர் அந்தப் பயத்தை எடுத்திருப்பார்.

சரோஜாதேவிக்குத்தான் இந்தப் படம் அநியாயம் செய்துவிட்டது. அல்லது படத்துக்குப் பிறகு வந்த மிமிக்ரிக்காரர்கள் செய்துவிட்டார்கள். அவர் “கோபால்” என்று இழுத்து அழைப்பதைக் கேலி செய்தே மூன்று தலைமுறை மேடை ஏறிவிட்டது. அந்த இழுப்பில் பாதி, லதா என்ற காவல்துறைப் பெண் காதலியாக வேஷம் போடுவதற்குக் கற்றுக்கொண்டது என்று வைத்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள், சிரிப்பு வராது. கடைசிக் காட்சியில், வேஷமாகத் தொடங்கியது உண்மையாகிவிட்டதாக அவள் ஒப்புக்கொள்ளும்போது குரலில் அந்த இழுப்பு பழையபடி இல்லை என்றே என் காதுக்குப் படுகிறது. அவரும் 2025 ஜூலையில் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் தெரு டீக்கடையில் வானொலியும் தொலைக்காட்சியும் மாற்றி மாற்றி அந்த ஒற்றைச் சொல்லையே போட்டுக்கொண்டிருந்தன.

நான் கடைசியாகச் சொல்ல நினைத்தது சித்ராவைப் பற்றி. சௌகார் ஜானகி இந்தப் படத்தில் இரண்டு பெண்களாக வருகிறார்: இறந்துபோன சித்ரா ஒருத்தி, அவளைப் போல் நடிக்க வந்தவள் இன்னொருத்தி. போலியாக வந்தவளை நாம் நேரில் பார்க்கிறோம். வீட்டில் நடமாடுகிறாள், பாடுகிறாள், மாமாவாக வரும் எம்.ஆர். ராதாவின் பக்கத்தில் நின்று சண்டை போடுகிறாள். உண்மையான சித்ராவையோ ஒரு நிமிஷம்கூட நேரில் பார்ப்பதில்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கோபால் லதாவிடம் சொன்னது. அவள் குடித்தாள், வீடு தங்கவில்லை, மாமனாரின் உயிர் போகக் காரணமானாள் என்பதெல்லாம் அவன் வாயால் வந்தவை. அந்தக் கதையின் முடிவு பொய் என்று அவனே பிறகு ஒப்புக்கொள்கிறான். முடிவில் பொய் சொன்னவன் நடுவில் மட்டும் உண்மை சொன்னான் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்? அவன் சிவாஜி என்பதை வைத்துத்தான்.

இதே நடிகர் பத்து வருஷம் முன்னால், 1954-இல், எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நா’ளில் நடித்திருந்தார். பாட்டே இல்லாத அந்தத் துப்பறியும் படத்தில் அவர் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார். அவரைப் பற்றித் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி என்று பலரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். செத்த ஆணைப் பற்றிப் பேச அத்தனை சாட்சிகள் இருந்தார்கள். செத்த பெண்ணுக்கு ஒரே சாட்சி, அவளை அறைந்தவன். ‘புதிய பறவை’யின் மர்மம் லதா யார் என்பதோடு முடிந்துவிடுவதாக எல்லோரும் நினைக்கிறோம். சித்ரா யார் என்ற மர்மத்தைப் படம் திறக்கவே இல்லை. திறக்க வேண்டும் என்று அதை எடுத்தவர்கள் நினைத்திருக்கவும் மாட்டார்கள். பாடகியை மணந்தால் குடும்பம் கெடும் என்பது அன்றைய கொட்டகையில் யாருக்கும் நிரூபிக்க வேண்டிய விஷயமாக இல்லை. இது படத்தின் குறையா, அறியாமலே அமைந்துவிட்ட ஆழமா என்று என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. சௌகார் ஜானகி, கோபால் சொல்லும் கதைக்குள்ளேயே, குடித்துவிட்டு வரும் காட்சியிலும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒரு சலிப்பை வைத்திருக்கிறார். அது கோபாலின் கதைக்குத் தேவையில்லாத சலிப்பு. அவள் தன் பக்கத்தைச் சொல்வதாக நான் எடுத்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

இந்தக் கேள்வி என்னுடையது என்று சொல்லிக்கொண்டால் பொய். தொலைக்காட்சியில் அந்தப் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. சிங்கப்பூர்க் கதையைக் கோபால் உருக்கமாகச் சொல்லி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சித்தி ஒருத்தி, “இப்படி ஒருத்தி வாய்ச்சா அவன் என்னதான் பண்ணுவான்” என்றாள். தூணில் சாய்ந்து பூ தொடுத்துக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தாமலே, “அவ வந்து சொன்னாளா? இவன்தானே சொல்றான்” என்றாள். கூடம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும் அப்போது கண்டுகொள்ளவில்லை.

அத்தையைப் பற்றி நான் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். திரும்பி வந்த காரணத்தை நான் பிறப்பதற்கு முன்பே ஊர் முடித்துவைத்திருந்தது: புருஷன் ஒரு அறை அறைந்தானாம், அதற்கு இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாளாம். ஒரு அறைக்கா என்று வீட்டுக் கிழவிகள் கேட்டதை நானே பல தடவை கேட்டிருக்கிறேன். அது ஒன்றுதானா என்று யாரும் அவளிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவளாகச் சொன்னதும் இல்லை. ஊரில் வழங்கிய கதை மாமா ஊரில் சொல்லி இங்கே வந்து சேர்ந்த கதை.

அன்றைக்கு வாக்குமூலக் காட்சி நெருங்கியபோது எனக்கு ஒரு பரபரப்பு. கொட்டகையில் ரயில் தின்றுவிட்ட வசனத்தை முதல் தடவையாகக் கேட்கப்போகிறேன். ஒலியைக் கூட்டிவைத்துவிட்டுப் பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அத்தை பூவையும் நாரையும் முறத்தில் வைத்துவிட்டு எழுந்து, கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது, நாய் வரும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். கோபால் எல்லாவற்றையும் சொன்னான். ஆரூர்தாஸின் வசனம் ஒரு சொல் பிசகாமல் கேட்டது. சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது, மறைப்பதற்கில்லை. கொல்லையிலிருந்து கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தமும், அதற்குப் பிறகு கிணற்றடியில் தண்ணீர் கொட்டும் சத்தமும் கேட்டன.

“சொல்லிட்டானா?” என்று அங்கிருந்தே அத்தையின் குரல் வந்தது.

“சொல்லிட்டான் அத்தை.”

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, தூணில் சாய்ந்து, விட்ட இடத்திலிருந்து பூவைத் தொடுக்க ஆரம்பித்தாள்.